டிஃபிலஸும் எங்க வீட்டு மேஸ்திரியும்

எங்க வீட்டுக் கீழ் பாத்ரூமில் ஒரு மூலை இருக்கு. யார் குளிச்சாலும் தண்ணி அங்கே போய்க் கூட்டம் போட்டு உட்கார்ந்துக்கும். தண்ணி போக வேண்டிய ஜாலி இருப்பது எதிர் மூலையில். குளிச்சு முடிச்சதும் வைப்பரை எடுத்து, மாட்டை ஓட்டுற மாதிரி தண்ணியை ஓட்டிக்கிட்டுப் போய் ஜாலியில் விடணும். 2018-லிருந்து தினமும் இதான் நடக்குது. தரையில வாட்டம் தப்பு. அவ்வளவுதான் மேட்டர்.

தப்பு யாருடையதுன்னு ரொம்ப நாளா எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. மேஸ்திரிதான். அட்வான்ஸ் வாங்கிட்டுப் பாதி வேலையில் ஓடிப்போன மேஸ்திரி. இந்தக் கதையைக் கல்யாணம், காதுகுத்துன்னு எல்லா இடத்துலயும் சொல்லியாச்சு. சொன்ன உடனே எதிரில் இருக்கிறவர் அவங்க வீட்டு மேஸ்திரி கதையை ஆரம்பிப்பார். வீடு வச்சிருக்கிற எவனுக்கும் இப்படி ஒரு கதை இல்லாம இருக்காது போல.

அப்படி ஒரு கதை சொன்னவர்களில் மூத்தவர் ஒருத்தர் ரோமாபுரிக்காரர். பேர் மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோ. பள்ளிக்கூடத்துல பெரிய பேச்சாளர்னு ஒரு வரியில் முடிச்சிருப்பாங்க. அவர் எழுதின கடிதங்கள் எண்ணூத்துக்கு மேல மிஞ்சியிருக்கு. அரசியல், தத்துவம், மகளைப் பத்தின கவலை எல்லாம் அதுல உண்டு. எனக்குப் பிடிச்சது கட்டட வேலையைப் பத்திப் புலம்பற கடிதங்கள்தான்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. கி.மு. 58-ல் சிசரோவை நாடு கடத்தினாங்க. அவருடைய எதிரி குளோடியஸ், பாலட்டைன் குன்றில் இருந்த அவர் வீட்டை இடிச்சுத் தள்ளிட்டார். அடுத்த வருஷம் சிசரோ திரும்பி வந்தப்ப, வீட்டுக்கு நஷ்டஈடா இருபது லட்சம் செஸ்டர்ஸ் கொடுக்கச் சொல்லி மதிப்பு போட்டாங்க. மத்த சொத்துக்களுக்குப் போட்டது ரொம்பக் குறைச்சல்னு சிசரோ முணுமுணுத்தார். சரின்னு பாலட்டைன்ல வேலையை ஆரம்பிச்சா, கி.மு. 57 நவம்பர் 3-ஆம் தேதி குளோடியஸின் ஆட்கள் ஆயுதத்தோட வந்து கொத்தனார்களை அடிச்சு விரட்டினாங்க. பக்கத்துல இருந்த தம்பி குவின்டஸ் வீட்டு மேல கல்லெறிஞ்சு, தீயும் வச்சாங்க. நம்ம ஊர்ல பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணலை ஏன் ரோட்டுல கொட்டினேன்னு கேட்டாலே நமக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது.

தம்பி வெளியூர்ப் பதவியில் இருக்கும்போதெல்லாம், தம்பி வீட்டு வேலையை மேற்பார்க்கிற பொறுப்பும் அண்ணன் தலையில். கி.மு. 56-ல் தம்பிக்கு எழுதுறார்: உன் காண்ட்ராக்டருக்குப் பாதிப் பணம் கொடுத்தாச்சு, குளிர்காலத்துக்குள்ள குடிவந்துடலாம்னு நம்பறேன். பாதிப் பணம்! நான் கொடுத்ததும் சரியாப் பாதிதான். அந்தக் காண்ட்ராக்டர் நமக்கு நல்லது செய்யணும்னு ரொம்ப ஆசையா இருக்கார் என்கிற தொனியில இன்னொரு கடிதத்துல நற்சான்றிதழ் வேற. பாதிப் பணம் கையில் வந்த முதல் வாரத்துல எல்லா மேஸ்திரியும் அப்படித்தான் இருப்பாங்கன்னு அவருக்கு யாரும் சொல்லலை போல.

ஒரு சின்னத் தகவல், வேலைக்குச் சம்பந்தமில்லாதது. காண்ட்ராக்டருக்கு லத்தீன்ல ரெடெம்ப்டர்னு பேர். அதே சொல்லைத்தான் பின்னால கிறிஸ்தவர்கள் மீட்பர் என்ற பொருளில் ஏசுவுக்கு வச்சுக்கிட்டாங்க. நம்மை மீட்க வந்தவர்னு நினைச்சுத்தான் நாமும் அட்வான்ஸ் கொடுக்கிறோம் :-)

இப்ப டிஃபிலஸுக்கு வருவோம். கி.மு. 54. தம்பி குவின்டஸ், ஜூலியஸ் சீசர் படையில் கால் நாட்டுல இருக்கார். அவர் ஊர்ப்பக்கம் வாங்கிப்போட்ட பண்ணை வீட்டுல வேலை நடக்குது. செப்டம்பர் மாசம் அண்ணன் போய்ப் பார்த்துட்டுத் தம்பிக்கு நீளமா ஒரு கடிதம் எழுதுறார். டிஃபிலஸ் என்கிறவர்தான் அங்கே வேலை. தாமதத்துல டிஃபிலஸ் டிஃபிலஸையே மிஞ்சிட்டார்ங்கிறார் சிசரோ. ஆனா பாக்கி இருக்கிறது குளியலறை, நடைபாதை, பறவைக்கூண்டு அவ்வளவுதானாம். (கடைசியில மாட்டிக்கிறது எப்பவும் குளியலறைதான், கவனிச்சீங்களா?) தளம் நல்லா வருது. சில அறைகளோட கூரை வளைவு பிடிக்கலை, மாத்தச் சொல்லிட்டேன். தூண்கள்? நேராவும் இல்லை, ஒண்ணுக்கொண்ணு எதிராவும் இல்லை. பிரிச்சுட்டுத் திரும்ப நிறுத்துவார். என்னைக்காவது ஒரு நாள் தூக்குக்குண்டும் நூலும் பிடிக்கக் கத்துக்குவார்னு ஒரு குத்தல் வேற.

இதைப் படிச்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு பெரிய மனுஷன் என் பக்கம் நிக்கிறார்! அதே கடிதத்துல குளியலறை விஷயம் இன்னும் ஒண்ணு இருக்கு. வெந்நீராவி அறையை வேற மூலைக்கு மாத்திட்டாராம். ஏன்னா, நெருப்பும் ஆவியும் வர்ற குழாய் படுக்கையறைக்கு நேர்க் கீழே வர்ற மாதிரி வச்சிருந்தாங்க. கடைசியா, அங்கே ஒருத்தரை மேற்பார்வைக்கு வச்சிருக்கேன், சில மாசத்துல முடிஞ்சிடும்னு தம்பிக்கு ஆறுதல் சொல்றார்.

பத்து வருஷம் கழிச்சு, கி.மு. 44-ல், சிசரோ தானே ஒரு வீட்டுச் சொந்தக்காரரா எப்படி இருந்தார்னும் ஒரு கடிதம் இருக்கு. வாடகைக்கு விட்டிருந்த கடைகள்ல ரெண்டு இடிஞ்சு விழுந்துடுச்சு, மத்ததும் விரிசல் விடுது, குடியிருந்தவங்க மட்டுமா, எலிகூடக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சுன்னு நண்பருக்குச் சிரிச்சுக்கிட்டே எழுதுறார். திரும்பக் கட்டும்போது லாபம் வர்ற மாதிரி யோசனை வச்சிருக்கேன்னும் சொல்றார். தம்பி வீட்டுத் தூண் கோணினதுக்குக் கோபம், வாடகைக்காரன் தலைமேல சுவர் விழுறதுக்கு நகைச்சுவை. இந்த இடத்துல அவர் மேல எனக்கு இருந்த பாசம் கொஞ்சம் இறங்கிப்போச்சு.

வீட்டுக்காரன் சாட்சியை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு அப்பத்தான் உறைச்சது. டிஃபிலஸ் எழுதின கடிதம் எதுவும் நம்ம கையில இல்லை. பணம் ஒழுங்கா வந்துச்சா, கல் நேரத்துக்கு வந்துச்சா, ஒரு தடவை சொன்னதை எத்தனை தடவை மாத்திச் சொன்னாங்க, ஒண்ணும் தெரியாது.

சிசரோவுக்கு ஒரு நூறு வருஷம் முன்னால கேட்டோ என்கிற இன்னொரு ரோமானியர் விவசாயத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். சுமாரா கி.மு. 160. மகா கருமி. அவர் புத்தகத்துல பண்ணை வீடு கட்டறதுக்கு ஒப்பந்தம் எப்படிப் போடணும்னு ஒரு பகுதி இருக்கு. படிச்சா அப்படியே நம்ம லேபர் காண்ட்ராக்ட்! சுவர், தூண், கதவு, ஜன்னல்னு கட்டறவர் செய்ய வேண்டியது ஒரு பட்டியல். மரம், கல், சுண்ணாம்பு, மணல், தண்ணி, வைக்கோல்னு வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது இன்னொரு பட்டியல். ஒரு ரம்பமும் ஒரு நூலும்கூட வீட்டுக்காரர் கணக்குல வருது. கூலி நம்ம மாதிரி சதுர அடிக்கு இல்லை, கூரையில வேயற ஓட்டை எண்ணி ஓட்டுக்கு இவ்வளவு. காய்ச்சல் பரவுற இடமா இருந்து கோடையில வேலை செய்ய முடியாதுன்னா கூலியில நாலில் ஒரு பங்கு கூட.

என்னை நிறுத்தினது அங்கே இருக்கிற வேற ஒரு விஷயம். இந்தக் கூலி யாருக்குன்னு கேட்டோ சொல்றார். சாமான்களை ஒழுங்கா எடுத்துக் கொடுத்து, காசை நாணயமாக் கொடுக்கிற நல்ல வீட்டுக்காரருக்குத்தான் இந்த ரேட். அப்போ மோசமான வீட்டுக்காரனுக்கு வேற ரேட்! அவன் இருக்கான்னு அந்தக் கருமிக்கே தெரிஞ்சிருக்கு.

சட்டம் எழுதினவங்களுக்கு இந்த எண்ணம் அவ்வளவா வரலை. ஹமுராபி சட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுமாரா கி.மு. 1750. கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரன் செத்தா கட்டினவனுக்கு மரணம். வீட்டுக்காரன் மகன் செத்தா கட்டினவன் மகனுக்கு மரணம். அந்தப் பையன் என்ன பாவம் பண்ணான்? சுவர் சாய்ஞ்சா கட்டினவன் சொந்தக் காசுல சரி பண்ணணும். இந்தக் கடைசி விதி ஒண்ணுதான் நமக்கு உபயோகப்படும். ஆனா அதுக்கு முந்தின விதியில கூலியும் எழுதியிருக்கு. ஒரு சார் பரப்புக்கு ரெண்டு ஷெக்கல் வெள்ளி. சார்னா சுமார் 36 சதுர மீட்டர். அளவுக்கு ரேட் பேசற வழக்கத்துக்கு வயசு மூவாயிரத்து எழுநூறுக்கு மேல.

எபெசுஸ் நகரத்துச் சட்டம் ஒண்ணைக் கட்டடக் கலை எழுதின விட்ருவியஸ் ஏக்கத்தோட சொல்றார். பொது வேலை எடுக்கிறவர் முதல்ல எஸ்டிமேட் கொடுக்கணும், வேலை முடியற வரைக்கும் அவர் சொத்து அடமானம். சொன்ன தொகைக்குள்ள முடிச்சா மரியாதை, பாராட்டு. கால் பங்கு வரைக்கும் கூடினா ஊர்ப் பணத்துல கொடுப்பாங்க. அதுக்கு மேல போனா அவர் சொத்துல கை வைப்பாங்க. இது ரோமுல, தனியார் வீடுகளுக்கும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்கிறார் விட்ருவியஸ். அவரே அந்தத் தொழில் ஆளு என்பது கவனிக்க வேண்டியது.

ஒரே பாய்ச்சலா 1815 லண்டன். அதுவரைக்கும் வீட்டுக்காரர் கொத்தனாரைத் தனியா, தச்சரைத் தனியா, குழாய்க்காரரைத் தனியாப் பேசிக்கணும். ஒருத்தர் முடிக்காம இன்னொருத்தர் தொடங்க முடியாது. தாமஸ் கியூபிட் என்கிற தச்சர் ஒரு பெரிய கட்டட வேலை எடுத்தப்ப, எல்லாத் தொழில் ஆட்களையும் நிரந்தரக் கூலிக்குத் தன்கிட்டயே வச்சுக்கிட்டார். இன்னைக்கு நாம காண்ட்ராக்டர்னு சொல்ற உருப்படிக்கு அவர்தான் முன்னோடி. ஆனா அடுத்த நாளே வேற தலைவலி வந்துது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல இத்தனை பேருக்கும் சும்மா உட்கார வச்சுக் கூலி கொடுக்கணுமே? அதுக்காக அவர் தானே நிலம் எடுத்து வீடு கட்டி விக்க ஆரம்பிச்சார். லண்டன்ல தெருத்தெருவா, சதுக்கம் சதுக்கமா அவர் கட்டினதுக்கு ஒரு காரணம், ஆட்கள் சும்மா இருக்கக்கூடாது என்கிற கவலை. இதை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

இதுவரை சொன்ன கதையில எல்லாம் பணம் வீட்டுக்காரன் கையிலிருந்து போச்சு. மூணாவது ஆள் பணம் நடுவுல வந்தா என்ன ஆகும்? அதைக் காட்டினது அமெரிக்கா. 1934, பெருமந்தக் காலம். கட்டட வேலை செத்துக் கிடக்கு, கொத்தனாரும் தச்சரும் தெருவுல. வீட்டைப் பழுது பார்க்கக் கடன் கொடுத்தா ரெண்டு பக்கமும் பிழைக்கும்னு தேசிய வீட்டுவசதிச் சட்டத்துல ஒரு பகுதி சேர்த்தாங்க. வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். 2,000 டாலர் வரைக்கும் வங்கி கொடுக்கும். கடன் வராட்டி அரசாங்கம் ஈடுகட்டும். நல்ல எண்ணம்தான். லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கூரையும் அடுப்பும் வந்துது.

ஓட்டை எங்கேன்னா, பல இடத்துல கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டி வங்கியில பணம் வாங்கறது காண்ட்ராக்டர். வேலை திருப்தியா முடிஞ்சுதுன்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழ் இருந்தாப் போதும். வங்கிக்கோ பயமில்லை, அரசாங்கம் பின்னாடி நிக்குது. அப்புறம் என்ன, நல்ல சட்டையும் பளபள செருப்புமா ஒரு கூட்டம் ஊர் ஊராக் கிளம்புச்சு. அவங்களுக்கு வந்த பட்டப்பேர் வெடிக்காரங்க. உங்க வீட்டை இந்தத் தெருவுக்கே மாதிரி வீடாக் காட்டப் போறோம், உங்களைப் பார்த்து யார் செஞ்சாலும் உங்களுக்குக் கமிஷன், கடைசியில உங்களுக்கு எல்லாம் இலவசம் மாதிரிதான்னு பேசுவாங்க. கட்டுக் காகிதம் நீட்டுவாங்க. அதுல நடுவுல வேலை முடிஞ்சதுங்கிற சான்றிதழும் இருக்கும். வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு கையெழுத்து! ஆள் பணத்தோட அடுத்த ஊர். வீட்டுக்காரன் மாசாமாசம் வங்கிக்குக் கட்டணும், ஓடறது எல்லாம் கூரைத் தண்ணி.

இருபது வருஷம் ஓடின கூத்து 1954-ல் வெடிச்சுது. ஏப்ரல்ல வீட்டுவசதி நிர்வாகத்தின் ஆணையர் பதவி விலகினார். செனட்டர் ஹோமர் கேப்ஹார்ட் தலைமையில செனட் குழு விசாரணை நடத்தி, ஏமாந்தவங்களைக் கூப்பிட்டுக் கேட்டுது. அந்த வருஷச் சட்டத்துல செஞ்ச திருத்தங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு: ஒவ்வொரு கடன் நஷ்டத்துலயும் பத்து சதவீதத்தை வங்கியே ஏத்துக்கணும். தன் காசு பத்து ரூபா போகும்னா வங்கி மேலாளர் தானே கூரையை எட்டிப் பார்ப்பார் இல்லையா? 1972-ல் வீட்டு வாசலில் வந்து விக்கிறதை மூணு நாளுக்குள்ள ரத்து பண்ணலாம்னு விதி வந்துது. 1987-ல் வந்த டின் மென் படம் பாருங்க. பால்டிமோர்ல அலுமினியத் தகடு அடிக்கிற ஆட்கள் கதை. ஒரு பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கிறோம்னு வீட்டு முன்னாடி கேமராவோட நிக்கிற காட்சிக்கே டிக்கெட் காசு தகும்.

நம்ம ஊருக்கு வருவோம். 1986-ல் நுகர்வோர் சட்டம் வந்தப்ப, வீடு கட்டறது சேவையில சேருமாங்கிறது பெரிய விவாதமா இருந்துச்சு. 1993-ல் சட்டத்தைத் திருத்தி அதைச் சேர்த்தாங்க. அதே வருஷம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குல உச்ச நீதிமன்றமும் சேவைதான்னு சொல்லிடுச்சு. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் விற்பனைக்குக் கட்டற புரமோட்டர்களுக்குத்தான். உங்க வீட்டு பாத்ரூமை உடைச்சுக் கட்டறதுக்கு அங்கே பதிவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகணும்னா கையில காகிதம் வேணும். என்கிட்ட இருந்த ஒரே காகிதம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். அதுல அவர் கணக்கு: ரெண்டு பாத்ரூம், வெளிச்சுவர்ப் பூச்சு, கூலி மட்டும் 72 ஆயிரம், சாமான் என்னது. கீழே என் கையெழுத்துல அட்வான்ஸ் 36.

பதினோரு நாள் நல்லா வேலை நடந்துச்சு. மாடி பாத்ரூம் முடிஞ்சுது. கீழ் பாத்ரூமை உடைச்சுப் போட்டாச்சு. அப்புறம் டைல்ஸ். நான் சொன்ன நிறம் வீட்டுல பிடிக்கலை, வீட்டுல சொன்னது கடையில ஸ்டாக் இல்லை. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு ஒன்பது நாள். மேஸ்திரி ரெண்டு காலை ஆளோட வந்து, சிமெண்ட் மூட்டை மேல உட்கார்ந்து டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போனார். டைல்ஸ் வந்த அன்னிக்குப் போன் பண்ணினேன், எடுக்கலை. மூணாம் நாள் எடுத்தார், வேற வேலையில மாட்டிக்கிட்டேன் சார், ஒரு வாரம்னார். நான் பேசினது என்னன்னு இங்கே எழுத முடியாது. அதுக்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. தரை போட்டது இன்னொருத்தர், அவசரத்துக்குப் பிடிச்ச ஆள். அந்த மூலை அவர் கைங்கர்யம். அதையும் நான் முதல் மேஸ்திரி கணக்குலயே எழுதி வச்சிருந்தேன்.

போன மாசம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா, "சார், நல்லா இருக்கீங்களா?"ன்னாங்க. அடையாளம் தெரியலை. அன்னிக்கு எங்க வீட்டுல சித்தாளா இருந்தவங்க. மேஸ்திரி பேச்சு வந்துச்சு, நான் ஆரம்பிச்சேன். அவங்க நடுவுல நிறுத்திட்டாங்க. "டைல்ஸ் வரலன்னு குந்திக்கினு இருந்தோமே சார், அந்த நாளுக்கெல்லாம் அவுருதான் பாதிக் கூலி குடுத்தாரு. இல்லன்னா நாங்க வேற மேஸ்திரிகிட்ட போயிருப்போம். உங்க வூட்டு வேலைல அவுரு கைக்காசு போட்டாரு."

பஸ் வந்துடுச்சு, அவங்க ஏறிட்டாங்க. நான் நின்ன இடத்துலயே கணக்குப் போட்டேன். நாலு பேர், ஒன்பது நாள், பாதிக் கூலி. முடிச்ச வேலையின் மதிப்பு, அவர் வாங்கின 36. எப்படிப் போட்டாலும் அவர் எனக்குத் தர வேண்டியது எதுவும் வரலை.

வீட்டுக்கு வந்து மாடி பாத்ரூம்ல ஒரு சொம்பு தண்ணியை மூலையில ஊத்திப் பார்த்தேன். நேரா ஜாலிக்குப் போச்சு, ஒரு சொட்டு நிக்கலை. போன்ல அவர் நம்பரை எடுத்தேன். "மேஸ்திரி ஃபிராடு"ன்னு சேவ் பண்ணியிருந்தேன். ரெண்டாவது சொல்லை மட்டும் அழிச்சேன். இன்னும் கூப்பிடலை. வெளிச்சுவர்ல வடக்குப் பக்கம் விரிசல் விட்டிருக்கு, அதை வச்சுப் பேச்சை ஆரம்பிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.